கடைசி இலக்கம் ஏழு

முன்னால் போகிற வண்டியின் நம்பரை அவள் சும்மா விடமாட்டாள். ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் காலையில் என் வேனில் ஏறி, எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டுவாள். அவ்வளவுதான், தொடங்கிவிடும். இரட்டைப்படையில் முடிகிற நம்பர் என்றால், "ரெண்டுல போகுது" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவாள். ரெண்டுல போகிற வண்டிக்காரனை அவள் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. ஒற்றைப்படை என்றால் உதடு அசையும். மூன்றால் வகுப்பாள், ஏழால் வகுப்பாள், பதினொன்று, பதின்மூன்று என்று ஏறிக்கொண்டே போவாள். ஒருநாள் சிவப்பு விளக்கில் எங்களுக்கு முன்னால் 2491 நின்றது. விளக்கு பச்சையாகி, பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்து, நான் அவனை ஏசி முடித்து, அடுத்த சந்திப்பு வந்த பிறகு, "நாப்பத்தேழு தடவ அம்பத்து மூணு. ஒடைஞ்சிருச்சுக்கா" என்றாள்.

எனக்கு எரிச்சலாக வரும். நான் கையுறைத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டுகிறவள். பின்னால் பெண்கள் தூங்கிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் வருவார்கள். ரேடியோவில் நல்ல பாட்டு ஓடும்போது பக்கத்தில் ஒருத்தி வகுத்தல் கணக்குப் போட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? "வாய மூடிக்கிட்டு வாலா" என்று சொல்லியிருக்கிறேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். உதட்டை அசைக்காமல் கணக்குப் போடுவாள்.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயரைவிட நம்பரால் அவள் பட்ட பாடுதான் அதிகம்.

என் வேனின் நம்பர் 2503. கூட்டுத்தொகை எட்டு வரக்கூடாது, சனி பிடிக்கும் என்று அம்மா பிடிவாதமாக நின்றதால் கூட்டினால் ஒன்று வருகிற நம்பராகத் தேடி வாங்கினோம். அவள் முதல்நாள் ஏறும்போதே, "ஒங்க வேன் பகா எண்ணுக்கா. அதான் கம்பெனிக்குப் போற இன்னொரு வேன விட்டுட்டு இதுல வாரேன்" என்றாள். பகா எண் என்றால் எதுவென்று எனக்குப் பள்ளிக்கூடத்தோடு மறந்துபோயிருந்தது. "ஒண்ணுலயும், அதுலயும்தான் போகும். வேற யாரு வந்தாலும் மீதி வைக்கும்" என்று சொன்னாள். கணக்கைப் பற்றிப் பேசுகிற மாதிரி இல்லை, தனக்கு வேண்டப்பட்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது.

வேனில் வருகிற ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். நான் மொய்க் கவரில் ஐம்பத்தொரு வெள்ளிப் பணம் வைத்தேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"அம்பத்தொண்ணு மூணுல போகும்க்கா. பதினேழு, பதினேழு, பதினேழா ஒடைஞ்சிரும். கல்யாணத்துக்குப் போய் அதக் குடுப்பீங்களா?"

"வேற எதக் குடுக்கறது?"

"நூத்தியொண்ணு வைங்க. அத ஒருத்தராலும் பிரிக்க முடியாது."

"எங்கிட்ட இன்னும் அம்பது வெள்ளி புடுங்கறதுக்கு ஒனக்கு ஒரு கணக்கு."

பக்கத்தில் ஒரு பெரிய மனுஷர் ஆயிரத்தொன்று வைத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாதபடி, "ஏழு, பதினொண்ணு, பதிமூணு, இந்த மூணு நம்பர்லயும் போகும்" என்றாள். அந்த ஆயிரத்தொன்றை வைத்துத்தான் அவள் பெரிய எண்களைப் பதம் பார்ப்பாள். எண்ணைப் பின்னாலிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி, ஒன்றைக் கூட்டி, அடுத்ததைக் கழித்து, கடைசியில் வருகிற சின்ன எண் ஏழில் போனால் பெரிய எண்ணும் ஏழில் போகும். பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் அதே வழிதான். நான் ஐம்பத்தொன்றையே கொடுத்துவிட்டு வந்தேன்; எனக்கு அன்றைக்கு மனதில் நின்றது அந்தப் பதினேழு மட்டும்தான். அந்தப் பெண்ணின் கல்யாண வாழ்க்கை நன்றாகத்தான் போகிறது, ஆனாலும் எப்போது பார்த்தாலும் எனக்குப் பதினேழு ஞாபகம் வரும்.

ஒருநாள் பெட்ரோல் போட நிறுத்தியிருந்தபோது என் அடையாள அட்டையை, ஐசியை, எடுத்து அவளிடம் நீட்டினேன். "எல்லா நம்பரையும் பாக்கற. என் நம்பர் எப்படின்னு சொல்லு."

வாங்கவே இல்லை. "பாக்க வேணாம்க்கா. ரெண்டுல போகும்."

"பாக்காமலே சொல்ற?"

"பொம்பள நம்பருக்கா அது."

அப்போதுதான் விளக்கினாள். நம் மலேசிய ஐசியில் பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசியில் நான்கு. அந்த நான்கில் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. இத்தனை வருஷம் அந்த நம்பரைச் சொல்லியிருக்கிறேன், எனக்குத் தெரியாது.

"அப்ப இந்த நாட்டுல எந்தப் பொம்பளையும் பகா எண்ணா இருக்க முடியாதா?"

"முடியாது. ஆம்பளைங்கள்லயும் பாதிப் பேரு மூணுலயும் அஞ்சுலயும் போயிருவாங்க. ஆனா தப்பிக்க அவங்களுக்கு ஒரு வழி இருக்கு. பொம்பளைக்கு வழியே கெடையாது."

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. "ஒன்னதக் காட்டு" என்றேன், விளையாட்டாகத்தான். அவள் கொஞ்ச நேரம் பம்ப்பில் ஓடுகிற எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். படத்தில் இவள்தான், நெற்றியில் பொட்டு, காதில் தோடு. பக்கத்தில் மலாயில் ஆண் என்று போட்டிருந்தது. கடைசி இலக்கம் ஏழு.

சித்தியவான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள் அவள். இப்போது அங்கே செம்பனை நிற்கிறது. அவள் அப்பா அங்கே பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார். எழுதத் தெரிந்தவர் என்பதால் மகள் பிறந்ததும் பதிவுப் பாரத்தைத் தானே நிரப்பினார். நம் ஆட்கள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் மகன் என்றால் ஏ/எல், மகள் என்றால் ஏ/பி என்று போட வேண்டுமே. காலமெல்லாம் தன் பெயருக்கு நடுவில் ஏ/எல் எழுதிப் பழகிய கை, மகள் பெயருக்கு நடுவிலும் அதையே எழுதிவிட்டது. ஒரே ஓர் எழுத்து. அதை வைத்து ஆண் என்று பதிவாகி, நம்பரும் ஒற்றையில் விழுந்தது. நான் வாய்க்கு வந்தபடி பேசப்போனேன். "அப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்கக்கா. அவரு எழுதல, கை எழுதிருச்சு" என்றாள்.

பதினெட்டு வயதில் அவளுக்குக் கணக்குப் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, வெளியூரில் ஒரு பல்கலைக்கழகத்தில். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், ஆண்கள் விடுதியில் அறை போட்டிருந்தார்கள். வாசலில் இருந்த காவலாளி ஐசியையும் இவளையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "இனி சியாப்பா பூஞா?" என்று கேட்டிருக்கிறான், இது யாருடையது என்று. சுற்றி நின்ற பையன்கள் சிரித்திருக்கிறார்கள். அலுவலகத்தில், இவள் பெண்தான் என்று ஒரு டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால் பெண்கள் விடுதிக்கு மாற்றுவோம் என்றார்களாம். அன்று மாலையே பஸ் ஏறி வந்துவிட்டாள். திரும்பிப் போகவில்லை.

"ஒரு லெட்டருக்காகவா படிப்ப விட்ட?" என்று கேட்டேன்.

"என்னப் பாத்து எழுதணுமாம்க்கா" என்றாள். என் கையிலிருந்த ஐசியை வாங்கிப் பைக்குள் போட்டாள்.

என் தம்பி ஏர்கோன் வேலை செய்கிறவன். வேனில் குளிர் வரவில்லை என்று ஒருநாள் அவனைக் கூடவே ஏற்றிக்கொண்டு போனேன். பழுது பார்த்து முடித்த பிறகும் அவன் அடுத்தடுத்த வாரம் ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொண்டு ஏறினான். எனக்குப் புரியாமல் இல்லை. அவள் வகுப்பாள், இவன் பின் சீட்டிலிருந்து "மீதி?" என்று கேட்பான். அவள் மீதியைச் சொல்வாள். நான் பார்த்த காதல் அதுதான். வருஷம் திரும்புவதற்குள் அம்மாவிடம் வந்து நின்றான். அம்மாவுக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று. தை மாதத்துக்கு மண்டபம் பேசி, பத்திரிகையும் அடித்தாயிற்று.

திருமணப் பதிவுக்கு இருவர் ஐசியையும் கொடுத்தபோதுதான் வந்தது வினை. இரண்டு பேரும் ஆண் என்று பாரம் திரும்பிவிட்டது. முதலில் அவளுடைய ஐசியைத் திருத்த வேண்டும். டாக்டர் கடிதம் வேண்டும். பழைய நம்பரை ஒப்படைத்துவிட்டுப் புது நம்பர் வாங்க வேண்டும். அதன் பிறகுதான் கல்யாணம்.

இதெல்லாம் புந்தோங்கில் எத்தனை நாளைக்கு மூடி வைக்க முடியும்? மளிகைக் கடையில் ஒருத்தி என்னிடமே கேட்டாள், "ஒங்க வீட்டுக் கல்யாணத்துல மாப்பிள்ளை ரெண்டு பேராமே?" கையிலிருந்த தக்காளியை அங்கேயே கொட்டிவிட்டு, அவள் பரம்பரையையே இழுத்துப் பேசிவிட்டு வந்தேன். அம்மாவுக்கு அந்தப் பேச்சு தாங்கவில்லை. அவளை வீட்டுக்கு வரச்சொல்லி, "ஒரு கையெழுத்துத்தானம்மா, போய் வாங்கிக்கிட்டு வந்துரேன்" என்றார்.

"ஒங்களுக்கு யாரு கையெழுத்துப் போட்டாங்க அத்த?" என்று கேட்டாள் அவள். மரியாதையாகத்தான் கேட்டாள். அம்மா எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டார்.

ஆனால் அந்தக் கடிதத்தை அவள் வாங்கிவிட்டாள். எப்படி, எங்கே என்று நான் கேட்கவில்லை. அந்த வாரம் வேனில் ஒரு வண்டியின் நம்பரைக்கூட அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. வாரக் கடைசியில் சொன்னாள், "லெட்டரு இருக்குக்கா. ஆனா கொஞ்சம் பொறுங்க. நம்பரக் குடுக்கறதுக்கு முன்னாடி, எதக் குடுக்கறேன்னு தெரிஞ்சிக்கிட்டுக் குடுக்கறேன்."

தன் பன்னிரண்டு இலக்க எண்ணை அவள் அதுவரை வகுத்துப் பார்த்ததே கிடையாதாம். அவளிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை. பயமாக இருந்ததாம். இப்போது தொடங்கினாள். காகிதம் கிடையாது, எல்லாம் மனக்கணக்கு. தொழிற்சாலையில் கை கையுறையை இழுத்துப் பார்க்கும், மனசு வகுக்கும். காலையில் வேனில் ஏறியதும் எனக்குச் செய்தி வரும். "மூணுல போகல. ஏழுல போகல. பதிமூணுல மீதி நாலு." ஒவ்வொன்றிலும் மீதி வைத்துத் தப்பிக்கும்போது அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. நான் தை மாதத்துக்கு நாள் எண்ணினேன்.

"எதுவரைக்கும் பாக்கணும்?" என்று கேட்டேன்.

"ஒம்பது லட்சத்துச் சொச்சம் வரைக்கும். அதுக்கு மேல வேணாம்க்கா. பெரிய ஆளு ஒருத்தன் உள்ள போனா கூடவே ஒரு சின்ன ஆளும் போவான். சின்னவன் யாரும் இல்லன்னா பெரியவனும் இல்ல."

"அதுல பகா எண்ணு எத்தன இருக்கு?"

"எழுபதாயிரத்துக்கு மேல."

"நாளைக்குப் பத்துப் பாத்தா?"

"இருவது வருஷம் ஆகும்" என்றாள், ஏதோ அடுத்த வாரம் என்பதைப் போல.

நான் வேனை ஓரமாக நிறுத்திவிட்டேன். "அடியே, போன்ல தட்டுனா ஒரு நொடியில சொல்லும். குடு, நான் பாக்கறேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுகியிருந்தது. "வேணாம்க்கா. பொறந்ததுலேருந்து எல்லாரும் என்னப் பாத்துப் பாத்துச் சொல்லிக்கிட்டே இருக்காங்க, நான் யாருன்னு. இது ஒண்ணயாச்சும் நானே பாத்துக்கறேன். நீங்களும் பாக்கக்கூடாது, அவரும் பாக்கக்கூடாது."

தம்பியிடம் சொன்னேன். சரி என்றான்.

ஐசி திருத்துகிற பதிவு அலுவலகத்தில் கொடுத்த முதல் தேதிக்கு அவள் போகவில்லை. இரண்டாவது தேதிக்கும் போகவில்லை. மூன்றாவது தேதியை விட்டால் தை மாதத்துக்குள் பதிவு நடக்காது. அம்மா என்னிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் போகலன்னா மண்டபத்த வேணாம்னு சொல்லிருவேன். அந்தப் பொண்ணுக்கு இஷ்டமில்ல, அதான் நம்பரு கிம்பருன்னு சாக்கு சொல்லுது." அம்மா சொல்வதில் உண்மை இருக்குமோ என்று எனக்கும் தோன்ற ஆரம்பித்திருந்தது.

அந்த வாரம் தம்பி என் வீட்டு ஏர்கோனைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தான். ஏணியில் நின்றபடியே, "அக்கா, நான் பாத்துட்டேன்" என்றான்.

எனக்குப் புரிந்துவிட்டது. பதிவுப் பாரத்தோடு அவள் ஐசியின் நகல் இவனிடம் இருந்தது.

"ரெண்டு வாரம் ஆச்சு. மனசு கேக்கல, தட்டிப் பாத்துட்டேன்."

"என்ன சொல்லுது?"

"ஒடையல. பகா எண்ணு."

உடைந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஏதோ ஓர் எண்ணில் அது போகும் என்று தெரிந்தால் அவளும் விட்டுவிடுவாள். பகா எண் என்று தெரிந்தால்? இந்த நாட்டில் அப்படி ஒரு நம்பர் வைத்திருக்கிற பெண்ணை நான் கேள்விப்பட்டதில்லை. அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரெண்டுல போகிற நம்பரை வாங்கிக்கொள் என்றால் எவள் சம்மதிப்பாள்? அவள் இடத்தில் நான் இருந்தால் கொடுக்கமாட்டேன்.

"ஒடைஞ்சிருச்சுன்னு சொல்லிரு" என்றேன்.

"நான் பொய் சொல்ல மாட்டேன்க்கா."

"அப்ப வாய மூடிக்கிட்டு இரு. உண்மையயும் சொல்லாத."

மூன்றாவது தேதியன்று நானே வேனை எடுத்தேன். அவள் முன் சீட்டில், மடியில் கோப்பு. தம்பி பின்னால். ஈப்போ டவுன் வரும்வரை நான் ரேடியோவைப் போடவில்லை. அலுவலகத்துக்கு எதிரே நிழல் பார்த்து நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை. பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஆயிரத்தி அறுநூறத் தாண்டிட்டேன்க்கா. இன்னும் ஒடையல" என்றாள். "இப்ப குடுத்துட்டா இனிமே அது யாருக்கும் கெடையாது. நான் பாத்து முடிக்கவும் முடியாது."

"இறங்குலா. நேரமாச்சு."

அவள் பின்பக்கம் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். என் தம்பியின் முகத்தைப் பற்றி என்ன சொல்ல? அதில் எதுவும் ஒளியாது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்க பாத்துட்டீங்க" என்றாள்.

இன்னும் ஒரு நொடி போனால் இவன் உளறிவிடுவான், கல்யாணம் நின்றுவிடும், அம்மா தலையில் அடித்துக்கொள்வார், மளிகைக் கடைக்காரி சிரிப்பாள். நான் முந்திக்கொண்டேன். அது பொய்தான். அந்த நேரம் திரும்பி வந்தால் இன்னொரு தடவையும் சொல்வேன், கொஞ்சம் யோசித்துச் சொல்வேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஆமா, பாத்தான். ஒடையுதாம். இத்தன நாளு நீ கஷ்டப்பட்டதுக்கு ஒண்ணுமே இல்ல. பதினேழுல போகுது."

அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"பதினேழுல மீதி அஞ்சுக்கா" என்றாள். "அத மொத வாரமே பாத்துட்டேன்."

அவள் கண் என் மேலேயே இருந்தது. உதடு அசையவில்லை, ஆனால் உள்ளே கணக்கு ஓடுவது தெரிந்தது. உடைந்திருந்தால் உண்மையான எண்ணையே சொல்லியிருப்பேன், பொய் எதற்கு என்று அவள் யோசித்திருக்க வேண்டும்.

"அப்ப ஒடையல" என்றாள்.



திரும்பாமலே தம்பியிடம் கேட்டாள். "எப்ப பாத்தீங்க?"

"ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு."

"ஏன் சொல்லல?"

"நீங்களே பாத்துக்கறேன்னு சொன்னீங்க. நான் பாத்தது தப்பு. அதச் சொன்னா ரெண்டு தப்பு." முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டான். "குடுக்க மனசில்லன்னா வேணாங்க. அது ஒங்க நம்பரு. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். கல்யாணம் எப்ப முடியுமோ அப்ப. முடியலன்னாலும் பரவால்ல, நான் இந்த வேன்லதான் வந்துக்கிட்டு இருப்பேன்."

அவனைப் பளாரென்று அறையலாம் போல் இருந்தது எனக்கு. அழுகையும் வந்தது.

அவள் பெல்ட்டைக் கழற்றினாள். கோப்பை எடுத்துக்கொண்டாள். நான் கதவைத் திறக்கப் போனபோது, "யாரும் வர வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து உள்ளே போனாள்.

அம்மா போன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் எடுக்கவில்லை. நிழல் நகர்ந்து வேனுக்குள் வெயில் விழுந்தது. தம்பி குனிந்தே உட்கார்ந்திருந்தான். போனால் போகட்டும், இப்படி ஒரு நம்பரை வைத்துக்கொண்டு அவள் நன்றாக இருக்கட்டும் என்று ஒரு நேரம் நினைத்தேன். அடுத்த நிமிஷமே, ஐயோ கடவுளே, கொடுத்துவிட்டு வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அவள் வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். கையில் ஒரு சீட்டு, எழுத்துப் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்திருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ரெண்டுல போகுது."

பின் சீட்டில் தம்பி மூச்சை இழுத்து விடுவது கேட்டது. பழைய பழக்கத்தில் அவன் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்துவிட்டது. "மீதி?"

"மீதி ஒண்ணுமில்ல" என்றாள். கையைப் பின்னால் நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான்.

நான் வண்டியைக் கிளப்பினேன். புந்தோங் வரும்வரை எங்களுக்கு முன்னால் எத்தனையோ வண்டிகள் போயின. எந்த நம்பரையும் அவள் பார்க்கவில்லை.